பாக்கெட்டில் இயங்குதளத்தின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: "என் லேப்டாப்பில் உபுண்டு. பிரவுசரில் யூசர் ஏஜென்ட்டை (பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்தும் வரியை) விண்டோஸ் என்று மாற்றிவிட்டேன். விபிஎன்னும் போட்டிருந்தேன். அப்படியும் ஒரு சோதனைத் தளம் நான் லினக்ஸ்தான் என்று சரியாகச் சொல்லிவிட்டது. பாக்கெட்டில் இயங்குதளத்தின் பெயர் எந்த இடத்தில் போகிறது? அதை எப்படி நீக்குவது?"

பெயர் எந்த இடத்திலும் போகவில்லை. பாக்கெட் என்னும் தரவுத் துண்டின் தலையில், முகவரியைத் தாங்கும் ஐபி ஹெடர் 20 பைட், இணைப்பை நடத்தும் டிசிபி ஹெடர் குறைந்தது 20 பைட். இந்த நாற்பதையும் பிட் பிட்டாகப் பிரித்துப் போட்டாலும் இயங்குதளத்துக்கென்று ஒரு கட்டம் கிடைக்காது. இல்லாததை நீக்கவும் முடியாது. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது மூன்று விஷயங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எழுதாத ஒன்றை எதிர்முனை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அந்த ஊகத்தை எவ்வளவு நம்பலாம், விபிஎன் ஏன் மறைக்கவில்லை. மூன்றாவதில் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கு இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் 17 வருடமாக நெட்வொர்க் பராமரிப்பில் இருப்பவன். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவன் அல்ல, தேவைப்பட்டபோது மட்டும் அதன் மூல நிரலைத் திறந்து பார்த்தவன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்தத் தளம் பாக்கெட்டைப் பார்த்துத்தான் சொன்னது என்று உங்கள் விவரத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. யூசர் ஏஜென்ட் மாற்றும் எக்ஸ்டென்ஷன்கள் பலவும் ஹெடரில் போகும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றும். பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் "எந்த இயங்குதளத்தில் இருக்கிறாய்" என்று பிரவுசரிடமே கேட்டால், அது பாட்டுக்கு "லினக்ஸ்" என்று சொல்லிவிடும். நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், கிராபிக்ஸ் டிரைவர் பெயர் என்று காட்டிக்கொடுக்க வேறு ஆட்களும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு அதே தளத்தை மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் லினக்ஸ் என்று வந்தால்தான் இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பொருந்தும்.

டிசிபி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நீண்ட காலம் அடிப்படையாக இருந்தது 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 793 என்னும் விதி ஆவணம். என்ன செய்ய வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நூறு சின்ன இடங்களில் வாயைத் திறக்கவில்லை. விருப்பங்களை (கூடுதல் வசதிகளை) எந்த வரிசையில் அடுக்க வேண்டும், முதலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் நிரல் எழுதுபவரிடமே விட்டுவிட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். கிரயப் பத்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நான்கெல்லையை எந்த வரிசையில் எழுதுவது, எந்த வாசகத்தில் தொடங்குவது என்பது பத்திர எழுத்தரின் பழக்கம். பழகிய குமாஸ்தா கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டாமலே "இது அவர் எழுதின பத்திரம்" என்று சொல்லிவிடுவார். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் மூன்றும் தனித்தனிப் பத்திர எழுத்தர்கள். சட்டப்படி மூன்றும் சரி. நடை மட்டும் வேறு.

எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் டிடிஎல். ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் எண் அது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, மேக், ஐபோன் எல்லாம் 64 என்று வைத்து அனுப்புகின்றன. விண்டோஸ் 128. பல நெட்வொர்க் கருவிகளும் பழைய சோலாரிஸும் 255. உங்களிடம் 52 என்று வந்து சேர்ந்தால் அது 64-ல் கிளம்பி 12 ரவுட்டர் தாண்டி வந்திருக்கிறது. 113 என்று வந்தால் 128-ல் கிளம்பியது. இணையத்தில் 30 தாவலுக்கு மேல் போகும் பாதை அபூர்வம் என்பதால், இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்காது. ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் இணையம் பார்ப்பதை மொபைல் நிறுவனங்கள் கண்டுபிடிக்கும் பழைய வழியும் இதுதான். போனிலிருந்து நேராகக் கிளம்பினால் 64, லேப்டாப்பிலிருந்து போன் வழியாக வந்தால் 63 அல்லது 127.

ஆனால் "பிங் போட்டேன், 64 வந்தது, ஆகவே லினக்ஸ்" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 64 என்றால் விண்டோஸாக இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. ஐபோனிலிருந்து ஃப்ரீபிஎஸ்டி வரை பாதி உலகம் அந்த எண்ணில்தான் கிளம்புகிறது. அதோடு ஒரே ஒரு கட்டளையில் மாற்றிவிடக்கூடிய எண் இது. சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

உண்மையான சரக்கு சின் பாக்கெட்டில் இருக்கிறது. இணைப்பைத் தொடங்க உங்கள் கணினி அனுப்பும் முதல் பாக்கெட் அது. இன்னும் ஒரு எழுத்துகூடத் தரவு போகவில்லை, மறையாக்கம் தொடங்கவில்லை. அதற்குள் கணினி தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது, ஏனென்றால் இந்த முதல் பாக்கெட்டில்தான் "எனக்கு இன்னின்ன வசதிகள் தெரியும்" என்று எதிர்முனையிடம் அறிவிக்க வேண்டும். அந்த வசதிகள் எல்லாம் டிசிபி ஹெடரின் பின்னால் விருப்பங்களாக ஒட்டப்படும். ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் எவ்வளவு தரவு வாங்குவேன் என்பது எம்எஸ்எஸ், 4 பைட். விண்டோ அளவைப் பெருக்கும் வசதி 3 பைட். இடையில் தொலைந்ததை மட்டும் கேட்டு வாங்கும் சாக் வசதிக்கு 2 பைட். நேரமுத்திரை 10 பைட். எல்லாவற்றையும் நான்கு பைட் எல்லையில் நேராக உட்காரவைக்க நடுவே வெற்றாக ஒரு பைட் வைப்பார்கள். அதற்கு நாப் என்று பெயர், ஒன்றும் செய்யாதே என்று பொருள்.

இப்போது மூன்று எழுத்தர்களும் இதை எப்படி அடுக்குகிறார்கள் என்று பாருங்கள். லினக்ஸ்: எம்எஸ்எஸ், சாக், நேரமுத்திரை, நாப், விண்டோ பெருக்கம். விண்டோஸ்: எம்எஸ்எஸ், நாப், விண்டோ பெருக்கம், நாப், நாப், சாக். நேரமுத்திரையை விண்டோஸ் பொதுவாகத் தானாகக் கேட்பதில்லை. மேக், ஐபோன்: எம்எஸ்எஸ், நாப், விண்டோ பெருக்கம், நாப், நாப், நேரமுத்திரை, சாக், பிறகு முடிந்தது என்னும் குறி. கூட்டிப் பார்த்தால் லினக்ஸின் விருப்பங்கள் 20 பைட், விண்டோஸ் 12, ஆப்பிள் 24. அடிப்படை நாற்பதோடு சேர்த்தால் சின் பாக்கெட்டின் மொத்த நீளம் லினக்ஸில் 60, விண்டோஸில் 52, ஆப்பிளில் 64. வழக்கமான அமைப்பில் இருக்கும் இன்றைய கணினி என்றால், உள்ளே என்ன என்று பிரித்துப் பார்க்காமலே நீளத்தை வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

லினக்ஸ் வரிசையின் பின்னால் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விவரம் அது. சாக் 2 பைட், நேரமுத்திரை 10 பைட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 12 ஆகி எல்லையில் சரியாக உட்கார்ந்துவிடும், நடுவே நாப் தேவையில்லை. அந்த நிரலை எழுதியவர்கள் இதைக் கவனித்து இரண்டையும் ஜோடி சேர்த்தார்கள். யாரோ நான்கு பைட் மிச்சம் பிடித்தது, இன்றைக்கும் கோடிக்கணக்கான கருவிகள் தங்களை லினக்ஸ் என்று காட்டிக்கொள்ளும் அடையாளமாக நிற்கிறது. ஆண்ட்ராய்டும் இதே கெர்னலில் ஓடுவதால் அதுவும் இதே வரிசையில்தான் பேசும்.

அடுத்தது விண்டோ அளவு, அதாவது "இப்போதைக்கு இவ்வளவு அனுப்பு, வாங்கி வைத்துக்கொள்கிறேன்" என்னும் எண். இயங்குதளமான விண்டோஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் இந்த எண் ஒன்றே போதுமாக இருந்தது. பழைய லினக்ஸ் கெர்னல்கள் 5840 என்று அறிவித்தன, அதாவது வழக்கமான எம்எஸ்எஸ்ஸான 1460-ஐப் போல் நான்கு மடங்கு. பிறகு 14600, பத்து மடங்கு. அதன் பிறகு 29200, இருபது மடங்கு. இப்போதைய கெர்னல்களில் 64240, 44 மடங்கு. மரத்தை வெட்டி வளையம் எண்ணுவது போல, கெர்னலின் வயதை இதில் கணக்கிடலாம். இந்தச் சுகம் இப்போது போய்விட்டது, ஏனென்றால் விண்டோஸ் 10-ம் பெரும்பாலும் 64240 என்றே அறிவிக்கிறது. எண் ஒன்று, எழுத்தர் இருவர். வரிசையையும் பெருக்கக் காரணியையும் பார்த்தால்தான் பிரியும்: லினக்ஸ் சாதாரணமாக 7 என்று வைக்கும், விண்டோஸ் 8.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி எல்லாவற்றையும் அகற்றியாயிற்று என்று சொத்துப் பட்டியல் சாதித்தது. ஸ்விட்சில் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் மிரர் போர்ட் வைத்து ஒரு மதியம் முழுக்க சின் பாக்கெட்டுகளை மட்டும் பிடித்தேன். 52, 52, 60, 52 என்று ஓடிக்கொண்டிருந்த வரிசையில் ஒரு 48. டிடிஎல் 128, விருப்பங்களில் எம்எஸ்எஸ், நாப், நாப், சாக், அதோடு முடிந்தது. விண்டோ பெருக்கம் என்பதையே தானாகக் கேட்காத தலைமுறை அது. அதன் வன்பொருள் முகவரியைப் பிடித்துக்கொண்டு போர்ட் போர்ட்டாகத் தேடிப் போனால், ஒரு அளவீட்டுக் கருவியின் பின்னால் தூசி படிந்த பெட்டி ஒன்று, மானிட்டர்கூட இல்லாமல். அந்தக் கருவியின் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும் என்று யாரோ பேசாமல் விட்டுவைத்திருந்தார்கள். நான் அந்தப் பெட்டிக்கு ஒரு பாக்கெட்கூட அனுப்பவில்லை. அது வேறு எங்கோ பேசியதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

இப்படிக் காது கொடுத்துக் கேட்பது ஒரு வழி. 2000-ல் மிகாவ் ஸலெவ்ஸ்கி எழுதிய பி0எஃப் என்ற கருவி இந்த வகைக்கு முன்னோடி. இன்னொரு வழி, வேண்டுமென்றே கோணலான கேள்விகளைக் கேட்டு எதிர்முனை எப்படி முழிக்கிறது என்று பார்ப்பது. ஃபியோடர் என்ற பெயரில் எழுதும் கோர்டன் லயன் 1998-ல் என்மேப் என்ற நெட்வொர்க் ஆராயும் கருவியில் சேர்த்தது அது. 2006-ல் அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். இப்போது அது டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி என்று 16 பாக்கெட் வரை அனுப்பும். கொடிகள் (பாக்கெட்டின் வகையைக் குறிக்கும் பிட்டுகள்) ஒன்றுமே இல்லாத பாக்கெட், ஒன்றுக்கொன்று முரணான கொடிகளை ஒன்றாக ஏற்றிய பாக்கெட் என்று நடைமுறையில் யாரும் அனுப்பாதவை அவை. ஒழுங்கான கேள்விக்கு எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். கிறுக்குத்தனமான கேள்விக்குத்தான் சொந்த சுபாவம் வெளியே வரும். திறந்திருக்கும் போர்ட்டுக்குச் சும்மா ஒரு ஃபின் பாக்கெட், அதாவது இணைப்பை முடிக்கச் சொல்லும் பாக்கெட், வந்தால் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பது 793-ன் விதி. விண்டோஸ் கண்டுகொண்டு, இணைப்பை முறிக்கும் ரீசெட்டை அனுப்பும். ஒரு விதிமீறலே அடையாள மச்சமாகிவிட்டது.

இந்த வழியில் சில நல்ல அடையாளங்கள் காலப்போக்கில் செத்துப்போயின. டிசிபி தன் தரவை எண்ணத் தொடங்கும் ஆரம்ப எண் ஒரு காலத்தில் கணிக்கக்கூடியதாக இருந்தது. அது ஆபத்து என்று 1985-லேயே ராபர்ட் மாரிஸ் எழுதினார். 1996-ல் ஸ்டீவன் பெலோவின் ஆர்எஃப்சி 1948-ல் மாற்று வழி சொன்னார். இப்போது எல்லாரும் சீட்டுக் குலுக்கித்தான் எண் எடுக்கிறார்கள், ஆகவே அதில் நடை என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. நேரமுத்திரையும் அப்படித்தான். அதை வைத்து ஒரு கணினி எத்தனை நாளாக அணைக்காமல் ஓடுகிறது என்றுகூட முன்பு கணக்குப் போடலாம். லினக்ஸ் 4.10-லிருந்து ஒவ்வொரு இணைப்புக்கும் வேறு வேறு இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவதால் அந்தக் கணக்கு இப்போது உளறும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இதை முயன்று, சர்வர் நாற்பது வருடமாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு, அலுவலக நெட்வொர்க்குக்குள் இருப்பவருக்கு இவ்வளவு நுணுக்கமே தேவையில்லை. வைஃபையில் சேர்ந்ததும் உங்கள் கணினி டிஎச்சிபி என்னும் முகவரி வழங்கும் சேவையிடம் முகவரி கேட்கும். கூடவே இன்னின்ன விவரங்களும் வேண்டும் என்று ஒரு எண் பட்டியலை நீட்டும், 55-ஆம் விருப்பம் அது. மளிகைச் சீட்டை எந்த வரிசையில் எழுதுவது என்பது வீட்டுக்கு வீடு வேறு, அதே கதைதான். விண்டோஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 60-ஆம் விருப்பத்தில் "எம்எஸ்எஃப்டி 5.0" என்று தன் முதலாளியின் பெயரையே சொல்லிவிடும். விண்டோஸ் 2000 காலத்து வாசகம், இன்னும் மாறவில்லை. பிறகு இணையம் வருகிறதா என்று சோதிக்க விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டையும், ஐபோன் ஆப்பிளையும், ஆண்ட்ராய்டு கூகுளையும் தட்டிப் பார்க்கும். பிங் பாக்கெட்டின் வயிற்றில்கூட விண்டோஸ் ஆங்கில அகரவரிசையை அடைத்து அனுப்பும், 32 பைட். லினக்ஸின் வழக்கமான பிங் 56 பைட். நெட்வொர்க்குக்குள் இருப்பவருக்கு உங்கள் இயங்குதளம் ரகசியமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிஎச்சிபி உங்கள் ரவுட்டரைத் தாண்டிப் போகாது, ஆகவே நீங்கள் சொல்லும் அந்தத் தளத்துக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

நம்பகத்தன்மைக்கு வருவோம். சராசரி அமைப்பில் இருக்கும் ஒரு கணினி நேராக இணைந்தால், அது விண்டோஸா, லினக்ஸ் கெர்னலா, ஆப்பிளா என்பதை சின் பாக்கெட் ஏறக்குறைய எப்போதும் சரியாகச் சொல்லும். அதற்குமேல் போகும்போது தரை வழுக்கத் தொடங்கும். எந்தப் பதிப்பு என்பது பல நேரம் ஒரு வரம்பாகத்தான் கிடைக்கும். விண்டோஸ் 10-ஐயும் 11-ஐயும் இதை மட்டும் வைத்துப் பிரிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். உபுண்டுவா ஃபெடோராவா என்பதும் அப்படித்தான். இரண்டும் ஒரே கெர்னல், டிசிபி பேசுவது கெர்னல்தான், மேலே இருக்கும் அலங்காரம் அல்ல. கருவி "96 சதவீதம்" என்று காட்டினால் அது தன் கையிலிருக்கும் பட்டியலில் எதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண், உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. அந்தப் பட்டியல் பழையதாக இருந்தால் புதிய இயங்குதளத்துக்கும் பழைய பெயரைத்தான் ஒட்டும். பி0எஃப்பின் பட்டியல் பல வருடங்களாகப் பெரிதாகப் புதுப்பிக்கப்படவில்லை, ஆகவே இன்றைய விண்டோஸை "7 அல்லது 8" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, நானே விழுந்தது. ஒரு வாடிக்கையாளரின் இணைய சர்வரை, அனுமதி வாங்கித்தான், என்மேப்பில் ஆராய்ந்து "லினக்ஸ்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். சதவீதமும் அழகாக இருந்தது. அவர்களின் நிர்வாகி படித்துவிட்டு, "சார், எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே விண்டோஸ் சர்வர்தான்" என்றார். முன்னால், வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் ஒரு லோட் பேலன்சர் உட்கார்ந்திருந்தது. டிசிபி இணைப்பு அதோடு முடிந்துவிடும். உள்ளே இருக்கும் சர்வரோடு அது புதிதாக வேறொரு இணைப்பு எடுக்கும். நான் அளந்தது வாசலில் நிற்கும் காவலாளியின் கைரேகையை. பாக்கெட் சொல்வது "உன்னோடு டிசிபி பேசுவது யார்" என்பதை மட்டுமே. அதற்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதை அல்ல.

உங்கள் விபிஎன் சிக்கு சரியாக இந்த இடத்தில்தான். விபிஎன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. வயர்கார்டு, ஓபன்விபிஎன் போன்ற உண்மையான விபிஎன்கள் உங்கள் பாக்கெட்டை உறையில் போட்டு எடுத்துச் செல்லும். மறுமுனையில் உறையைக் கிழித்து, ஐபி முகவரியை மாற்றி, மீதியை ஏறக்குறைய அப்படியே அனுப்பிவிடும். உங்கள் சின் பாக்கெட் உங்கள் கெர்னல் எழுதியபடியே அந்தத் தளத்தைப் போய்ச் சேரும். அதே வரிசை, அதே பெருக்கக் காரணி. விபிஎன் மறைப்பது உங்கள் முகவரியை, நடையை அல்ல. போதாக்குறைக்கு விபிஎன் போட்டிருப்பதையே எம்எஸ்எஸ் காட்டிக்கொடுக்கக்கூடும். சாதாரண ஈதர்நெட்டில் அது பாக்கெட்டின் அதிகபட்ச 1500 பைட்டில் ஹெடர்கள் 40 போக 1460. சில பிராட்பேண்ட் நிறுவனங்கள் தரும் பிபிபிஓஇ வகை இணைப்பில் 1452. வயர்கார்டின் வழக்கமான 1420-ல் 40 போனால் 1380. அந்த எண்ணைப் பார்த்ததும் நடுவே ஒரு சுரங்கம் இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், எம்எஸ்எஸ்ஸைக் குறைத்து வைக்கும் ரவுட்டர்களும் உண்டு.

ஆனால் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாக வரும் "விபிஎன்"கள் பெரும்பாலும் ப்ராக்ஸிகள். அங்கே உங்கள் டிசிபி இணைப்பு ப்ராக்ஸியோடு முடிந்துவிடுகிறது. தளத்தோடு பேசுவது அந்த நிறுவனத்தின் சர்வர், அது அநேகமாக லினக்ஸ். நீங்கள் போட்டிருந்தது இந்த வகை என்றால், அந்தத் தளம் உங்களைக் கண்டுபிடிக்கவே இல்லை. ப்ராக்ஸி சர்வரைப் பார்த்து "லினக்ஸ்" என்றது, நீங்களும் தற்செயலாக லினக்ஸ் வைத்திருந்தீர்கள். விடை சரி, வழி தவறு. பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் டார் வழியாகப் போனாலும் இதே கதைதான், கடைசிக் கணுவின் டிசிபிதான் வெளியே தெரியும்.

யூசர் ஏஜென்ட்டை மாற்றியது பற்றியும் ஒரு வார்த்தை. அது உங்களை மறைத்ததைவிடக் காட்டிக்கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெடர் "விண்டோஸ்" என்கிறது, சின் பாக்கெட் "லினக்ஸ்" என்கிறது. மோசடித் தடுப்பு மென்பொருள்கள் தேடுவதே இந்த முரணைத்தான். ஒழுங்காக "லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ்" என்று சொல்லிக்கொண்டு போயிருந்தால் கூட்டத்தில் ஒருவராக இருந்திருப்பீர்கள்.

பாக்கெட்டின் நடையையே மாற்ற முடியாதா என்றால், ஓரளவு முடியும். லினக்ஸில் டிடிஎல்லை 128 ஆக்கலாம். நேரமுத்திரையை அணைக்கலாம். அணைத்தால் சின் பாக்கெட் 52 பைட்டாகச் சுருங்கும், விண்டோஸின் அதே நீளம். பார்ப்பதற்கு வேஷம் பொருந்திவிட்டது போலிருக்கும். ஆனால் உள்ளே லினக்ஸ் அப்போது அடுக்குவது எம்எஸ்எஸ், நாப், நாப், சாக், நாப், விண்டோ பெருக்கம். விண்டோஸில் பெருக்கம் முன்னே, சாக் பின்னே. நீளம் சரி, வரிசை தப்பு. அதைவிட மோசம், இப்போது நீங்கள் விண்டோஸும் இல்லை, வழக்கமான லினக்ஸும் இல்லை. உலகத்திலேயே சிலர் மட்டும் பேசும் ஒரு கலவை. வரிசையையே மாற்ற வேண்டுமானால் கெர்னலில் கை வைக்க வேண்டும், அல்லது வெளியே போகும் பாக்கெட்டைத் திருத்தி எழுதும் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். வேகமான நீண்ட இணைப்புகளில் நேரமுத்திரைக்கு உண்மையான வேலை இருக்கிறது. வேஷத்துக்காக அதை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மறைத்தே ஆக வேண்டும் என்றால் டிசிபியை உங்கள் சார்பில் வேறொருவர் பேசும்படி செய்யுங்கள், அதாவது ப்ராக்ஸி. நடையை மாற்றிப் பேசப் பழகுவதைவிட ஆளை மாற்றுவது எளிது.

இன்னொன்று: தளம் குயிக் வழியாக, அதாவது யுடிபியின் மேல் ஓடும் எச்டிடிபி 3-ல் பேசினால் மேலே சொன்ன டிசிபி அடையாளம் எதுவும் அந்த இணைப்பில் இருக்காது. குயிக்கை எழுதுவது பெரும்பாலும் பிரவுசரே தவிர கெர்னல் இல்லை, ஆகவே அங்கே தெரிவது பிரவுசரின் நடை. மறையாக்கத்தைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கலும் அப்படித்தான். 2017-ல் வந்த ஜேஏ3 என்ற முறை அதன் விவரங்களைச் சுருக்கி ஒரு அடையாளமாக்கியது. 2023-ல் குரோம் தன் டிஎல்எஸ் நீட்சிகளின் வரிசையைக் கலைத்துப் போடத் தொடங்கியதால் அதன் பழைய வடிவம் குரோமிடம் பலிப்பதில்லை.

நீங்களே சோதிக்க இதைச் செய்யுங்கள். லேப்டாப்பில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து சின் கொடி மட்டும் ஏற்றிய பாக்கெட்டுகளை வடிகட்டுங்கள். விபிஎன் இல்லாமல் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் ஐபி மொத்த நீளம் 60 என்று தெரிய வேண்டும். ஐபிவி6-ல் போயிருந்தால் ஹெடர் 40 பைட் என்பதால் கணக்கு 20 கூடும், அதைக் கவனியுங்கள். பிறகு வேறு யாருடைய விண்டோஸ் லேப்டாப்பையாவது வாங்கி, உங்களிடம் இருக்கும் அதே விபிஎன்னை அதில் போட்டு, ஜாவாஸ்கிரிப்டை அணைத்து, அதே தளத்தைத் திறங்கள். "விண்டோஸ்" என்று வந்தால் உங்கள் சின் பாக்கெட் உறைக்குள்ளிருந்து முழுசாக வெளியே போகிறது. அங்கேயும் "லினக்ஸ்" என்றே வந்தால் அந்தத் தளம் இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தது விபிஎன் நிறுவனத்தின் சர்வரை. உங்கள் விபிஎன் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் இரண்டில் எது என்று சோதிக்காமலேகூட ஓரளவு சொல்ல முடியும்.